ஒப்புதல் படிவத்தில் ஒரு மலையாளக் கையெழுத்து

என்னிடம் பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், நேர்காணல் தந்தவர்களிடம் வாங்கிய ஒப்புதல் படிவங்களை என் மேசைமேல் அடுக்கி வைத்தபோது, அவற்றுள் ஒன்றில் மட்டும் கையெழுத்து மலையாளத்தில் இருப்பதைக் கண்டேன். படிவம் முழுவதும் தமிழில் அச்சிட்டது. கையெழுத்துப் போட்டவர், விளவங்கோடு வட்டத்தில் கேரள எல்லைக்குக் கூப்பிடு தொலைவில் வாழும், 80 வயதைக் கடந்த ஒரு பாட்டி. வீட்டிலும் சபையிலும் அவர் பேசுவது தமிழ்தான். ஆனால் அவர் பள்ளிக்கூடம் போன நாள்களில் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அவருக்குக் கிடைத்த பாடமொழியும் மலையாளமாகவே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழர் பெரும்பான்மையாக வாழும் மாநிலத்தோடு இணைந்தபோது அவருடைய படிப்பு முடிந்து போயிருந்தது. தமிழைப் பேசியே வாழ்ந்த அவருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க வராது.

படிவத்தை வாசித்துக் காட்டினீர்களா என்று மாணவியிடம் கேட்டேன்.

"வாசிச்சேன் மேடம். பாதியிலேயே நிறுத்திட்டாங்க. 'கோயில்ல போதகரு சொல்லியாச்சுல்லா மக்களே, பின்ன என்னத்துக்கு வாசிக்க, ஒப்பு எங்க போடணும்னு காட்டு'ன்னு சொல்லிட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம். மலையாளத்திலும் அதுவே சொல். ஆய்வு நெறிமுறை கேட்பதோ ஒப்பு அன்று, ஒப்புதல். இந்த ஆய்வு எதற்காக, சொல்வது எங்கே போய்ச் சேரும், வேண்டாம் என்று மறுக்கலாமா, சொன்ன பிறகு திரும்பப் பெறலாமா என்பனவற்றையெல்லாம் அறிந்து ஒருவர் தாமாக இசைவது ஒப்புதல். அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பாட்டி இசைந்தது தம் போதகருக்கு. என் மாணவியின் ஆய்வுக்கு அன்று. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும் நேரத்தில், இந்தச் சகோதரி பழைய விடுதிப் பிள்ளைகளைத் தேடி வருவார், எல்லாரும் ஒத்துழையுங்கள் என்று போதகர் சொன்னது என் யோசனையின் பேரில்தான். அப்படிச் செய்தால் வீடுகள் எளிதாகத் திறக்கும் என்று நான்தான் மாணவிக்குச் சொல்லிக் கொடுத்தேன். பீடத்திலிருந்து கேட்ட ஒன்றைச் சபையில் யார் மறுப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு முனைவர் பட்டப் படிப்பில் கட்டாயமாக்கியிருக்கும் 2 மதிப்பலகு ஆய்வு நெறிமுறைப் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிற எனக்கு இது நேர்ந்தது என்பதுதான் இதை எழுதத் தூண்டியது.

ஆய்வின் பொருளைச் சொல்ல வேண்டும். எல்லையோர மிஷன் பள்ளிகளின் போர்டிங்கில், அதாவது தங்கிப் படிக்கும் விடுதியில், வளர்ந்த பெண்பிள்ளைகள் எவ்வாறு சீஷர்களாக, அதாவது இயேசுவைப் பின்பற்றுகிறவர்களாக, உருவானார்கள் என்பது என் மாணவியின் கேள்வி. 1940களின் பிற்பகுதி தொடங்கி 1970கள் வரையான காலத்தை எடுத்துக்கொண்டார். அவரே ஒரு சபைப் பள்ளியில் ஆசிரியை. அவருடைய தாயும் அதே போர்டிங்கில் வளர்ந்தவர். நானும் ஒரு போர்டிங் பிள்ளைதான். ஆக, ஆராய்பவரும் நெறிப்படுத்துபவரும் ஆராயப்படுகிற வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு எழுத வேண்டிய ஆய்வு இது. சபைப் பள்ளிகளைப் பற்றி நம் ஊர்க் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. இதில் இழுக்கு ஒன்றும் இல்லை. உள்ளே நிற்பவருக்குத் தெரியும் கதவுகள் வெளியே நிற்பவருக்குத் தெரியா. ஆனால் உள்ளே நிற்பவர் எந்தக் கதவைத் திறக்காமல் விடுகிறார் என்பதைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலை நெறியாளருடையது.

தென்திருவிதாங்கூரில் மிஷன் கல்விக்கு நீண்ட வேர் உண்டு. 1806இல் இங்கு வந்த லண்டன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் ஆலயத்தோடு பள்ளியையும் எழுப்பினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலிலும் பிறகு நெய்யூரிலுமாக லண்டன் மிஷன் பணியை விரித்தார். பெண்பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிப்பும் தையலும் லேஸ் பின்னலும் கற்பித்த போர்டிங்குகள் அந்தத் தலைமுறையிலேயே தோன்றின. மிஷன் பள்ளிக்குப் போன பெண்கள் மேலாடை அணிந்ததை மேல்சாதியார் பொறுக்காமல் செய்த கொடுமைகளும், அவற்றின் முடிவில் 1859இல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட உத்தரவும் இந்த மாவட்டத்தில் குழந்தைகளுக்கும் தெரிந்த வரலாறு. அந்தப் பெண்களுக்குச் சீஷத்துவம் என்பது மனத்துக்குள் நிகழ்ந்த மாற்றம் மட்டும் அன்று. தெருவில் நடக்கும்போது உடம்பின்மேல் தெரிந்த ஒன்று, அதற்காக அடி வாங்க நேர்ந்த ஒன்று. என் மாணவியின் முதல் இயல் இதைச் சொல்கிறது, நன்றாகவே சொல்கிறது.

ஆனால் அந்த இயலுக்கு அவர் பயன்படுத்திய சான்றுகளில் பெரும்பகுதி மிஷனரிகளின் அறிக்கைகளும் கடிதங்களும். லண்டன் மிஷனின் மூல ஆவணங்கள் லண்டனில் சோவாஸ் (SOAS) என்ற உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் இருக்கின்றன. அச்சான அறிக்கைகளை இங்கேயே பார்க்க முடிகிறது. இவற்றை வாசிக்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள் என்பதே. நன்கொடை தருபவர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பிள்ளை எழுதப் படிக்கக் கற்றாள், ஜெபிக்கக் கற்றாள், மரிக்கும்போதும் விசுவாசத்தில் நிலைத்தாள் என்று வரும். அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், யாருடைய பாத்திரத்தைக் கழுவினாள் என்று வராது. எழுதியவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்த்ததை, பார்க்கும்படி கேட்கப்பட்டதை எழுதினார்கள். அதனால்தான் உயிரோடு இருப்பவர்களிடம் போய்க் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கேட்பதற்கும் இந்த எல்லை ஒரு தனி நிலம். 1956க்குப் பிறகு நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தது. சபைகளின் ஆட்சிப் பிரிவான தென்திருவிதாங்கூர்த் திருமண்டிலமும் 1959இல் மொழிவழியே கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டானது. ஒரே மிஷன் கட்டிய பள்ளிகளில் சில பாறசாலைப் பக்கமும் சில களியக்காவிளைப் பக்கமும் ஆயின. அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கேரளக் கல்விச் சட்டம் வந்தது. 1957ஆம் ஆண்டின் அந்த மசோதாவைப் பற்றி 1958இல் உச்ச நீதிமன்றம் தந்த கருத்துரை, அரசியலமைப்பின் 30ஆம் கூறு சிறுபான்மையினருக்குத் தரும் உரிமையைப் பற்றிய எல்லா வாதங்களிலும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இந்தப் பக்கத்தில் 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இரண்டு பக்கத்திலும் பொதுவாக நின்றது 28ஆம் கூறு: அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோரின் இசைவு இல்லாமல் எந்தக் குழந்தையையும் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது. சட்டம் அந்த இடத்தில் கேட்பதும் இசைவைத்தான். குழந்தையைச் சேர்க்க வந்த தகப்பனார் விண்ணப்பத்தின் அடியில் போட்ட ஒப்பு, அந்த இசைவாக எண்ணப்பட்டது. பாட்டியின் படிவத்தை வைத்துக்கொண்டு இதை யோசித்தபோது, நாங்கள் ஆராய வந்த பழைய வழக்கத்தையே ஆய்விலும் செய்திருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

தொடக்கத்தில் நேர்காணலோடு அளவீடு ஒன்றையும் சேர்க்கலாம் என்று எண்ணியிருந்தோம். பிரிட்டனில் சபைப் பள்ளிகளைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்துள்ள லெஸ்லி பிரான்சிஸ் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. கிறிஸ்தவத்தைக் குறித்துப் பிள்ளைகளின் மனப்பாங்கை 24 கூற்றுகளால் அளப்பது. அதைத் தமிழாக்கி இப்போதைய விடுதிப் பிள்ளைகள் சிலரிடம் முன்சோதனையாகக் கொடுத்தார் மாணவி. வேதத்தைக் கேட்பது சலிப்பாக இருக்கிறது என்ற பொருளுடைய கூற்று வந்ததும் பிள்ளைகளின் பேனா நின்றது. ஒருத்தி தலையை உயர்த்தி வார்டனைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் ஒரே பெட்டியில் குறியிட்டார்கள். அளவுகோலின்மேல் குற்றம் இல்லை. விசுவாசம் என்பது தன் விருப்பம் என்று சொல்லிப் பழகிய ஊரில் அந்தக் கூற்று ஒரு கேள்வி. வேதத்தைக் குறித்துச் சலிப்பு என்று சொல்வது பெரியவர்களை எதிர்ப்பதாகும் ஊரில் அது ஒரு சோதனை. அளவீட்டை விட்டுவிட்டோம். அந்தத் தாள்களை மாணவி இன்னும் வைத்திருக்கிறார். ஒரு தனிக் கட்டுரைக்கு அவை போதும் என்று நான் நினைக்கிறேன்.

சீஷத்துவம் என்ற சொல்லைக் குறித்து ஆய்வேட்டின் இரண்டாம் இயல் பேசுகிறது. தமிழ் வேதாகமம் சீஷன் என்கிறது, மலையாள வேதாகமம் சிஷ்யன் என்கிறது. இரண்டும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. கிரேக்க மூலத்தில் இருக்கும் மத்தேத்தேஸ் என்ற சொல்லின் நேர்ப்பொருள் கற்பவன் என்பதே. நம் சபைப் பேச்சில் சீஷன் என்றால் பின்பற்றுகிறவன், கீழ்ப்படிகிறவன். கற்பவன் என்ற பொருள் பின்னுக்குப் போய்விட்டது. லூக்கா சுவிசேஷம் 6ஆம் அதிகாரம் 40ஆம் வசனத்தில், சீஷன் தன் குருவுக்கு மேற்பட்டவன் அல்ல என்ற பகுதியைப் பிரசங்கத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன். தேறினவன் எவனும் தன் குருவைப் போலிருப்பான் என்ற அடுத்த பகுதியில் நிற்பவர்கள் குறைவு. தேறினவன் என்று தமிழில் வரும் இடத்தில் உள்ள கிரேக்க வினை, மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுது பார்த்ததைச் சொல்லவும் வருகிறது. தூத்தூர்க் கடற்கரையில் வலை பின்னுபவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுந்த கண்ணியைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார்கள். கடலில் அது தானாக நிற்க வேண்டும் என்பதுதான் அந்த இழுப்பு.

நெறியாளுகையைப் பற்றி எண்ணும்போது எனக்கு நன்னூலின் சூத்திரம் ஒன்று கூடவே வரும். மாணாக்கன் ஆசிரியரிடம் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்குப் பவணந்தியார், "அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி" என்று தொடங்குகிறார். குளிர் காய்பவன் நெருப்பை விட்டு விலகவும் மாட்டான், மிக நெருங்கவும் மாட்டான். அவ்வாறு நிற்க வேண்டும். பிறகு நிழல் போல் நீங்காமல், ஆசான் எவ்வகையில் மகிழ்வாரோ அவ்வகையில் ஒழுக வேண்டும் என்று போகிறது. பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, குருவை மகிழ்விப்பதே மாணவன் கடமை என்று முடிவு கட்டுகிறார்கள். சூத்திரம் அங்கே முடியவில்லை. "அறத்தின் திரியாப் படர்ச்சி" என்று ஒரு வேலி போட்டிருக்கிறது. அறத்திலிருந்து பிறழாத அளவுக்குத்தான் அந்த வழிபாடு. ஆய்வில் அறம் என்பது சான்றைத் தவிர வேறு என்ன? சான்று ஒன்றைச் சொல்ல, நெறியாளர் வேறொன்றை விரும்பினால், எங்கே நிற்பது என்பதற்கு நன்னூல் விடை வைத்திருக்கிறது.

இந்த விடை எனக்கு மிகவும் தாமதமாகத்தான் புரிந்தது. என் ஆய்வுக் காலத்தில் என் நெறியாளர் ஆழ்ந்த படிப்பாளி, உண்மையான விசுவாசி, சபையில் பொறுப்பில் இருந்தவர். நான் அவரிடம் கற்றவை பல. இன்றும் அவர் திருத்திய தாள்களின் ஒழுங்கைத்தான் என் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். ஆனால் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளை ஒரு விடுதியில் எப்படி நடத்தினார்கள் என்று முதியவர்கள் இருவர் சொன்னதை நான் ஓர் இயலின் பாதியாக எழுதிக் கொண்டுபோனபோது, அவர் பதினான்கு மாதங்கள் அந்த இயலைத் திருப்பித் தரவில்லை. பிறகு ஒரு நாள், சபைக்கு இழுக்கு வரும் எதையும் நம் பிள்ளைகளே எழுதக் கூடாது என்று மட்டும் சொன்னார். நான் வாதாடவில்லை. நம் பிள்ளைகள் என்ற சொல் என்னைக் கட்டிப்போட்டது. அந்தச் சொல்லில் அன்பு இருந்தது, அதனால்தான் மறுக்க முடியவில்லை. 31 பக்கங்களை எடுத்துவிட்டேன். பட்டம் கிடைத்தது. அந்த முதியவர்கள் இருவரும் பின்னர் காலமானார்கள். அவர்கள் சொன்னவை என் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே காரியத்தை நானும் செய்தேன். என் மாணவி கொண்டுவந்த நேர்காணல்களில் ஒரு பிரிவு தெளிவாகத் தெரிந்தது. கட்டணம் கட்டிப் படித்தவர்கள், தங்கள் விசுவாசம் உருவான இடமாகப் பாடகர் குழுவையும் மாலை ஜெபத்தையும் வேதவகுப்பையும் சொன்னார்கள். கட்டணச் சலுகையில் படித்தவர்கள் குசினியை, அதாவது சமையலறையை, சொன்னார்கள். சலுகைப் பிள்ளைகள்தான் நெல் குத்தினார்கள், மரச்சீனி வெட்டினார்கள், மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவினார்கள். மாலை ஜெபத்தின்போது அவர்களில் பலர் அடுப்படியில் இருந்தார்கள். பள்ளி அவர்களைச் சீஷராக்கத் திட்டமிட்ட வேளையில் அவர்கள் அங்கே இல்லை. ஆனாலும் அவர்களில் பலர் பிற்காலத்தில் உபதேசியார் வீட்டுப் பெண்களாகவும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகளாகவும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சீஷராக்கியது எது என்பது ஆய்வின் நடுக்கேள்வியாக எழுந்து நின்றது. இதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆய்வின் பரப்பு விரிகிறது என்று மாணவிக்கு எழுதி அனுப்பினேன். பரப்பு விரிகிறது என்பது நெறியாளர்களின் கையில் எப்போதும் இருக்கும் காரணம், பல வேளைகளில் உண்மையான காரணமும்கூட. அன்று அது உண்மையான காரணம் அன்று. புறத் தேர்வாளராக வரக்கூடியவர்களில் சபைப் பொறுப்பாளர்களும் உண்டு, இந்தப் பெண் சபைப் பள்ளியில் வேலை பார்க்கிறவள், வாய்மொழித் தேர்வில் சபை மக்கள் வந்து உட்காருவார்கள் என்று நான் அஞ்சினேன். அவளுக்காக அஞ்சுகிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

நெறியாளர் ஒருவர் எத்தனை பேரை வழிநடத்தலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர். படிப்பின் காலம் குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் வரை சலுகை உண்டு. ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் பருவந்தோறும் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குகள் தேவையானவை. இவை இல்லாத காலத்தில் மாணவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் படிவத்திலும், நெறியாளர் மாணவரிடம் எதை எழுதாதே என்று சொன்னார் என்பதைப் பதிய ஓர் இடம் இல்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஆன் லீ 2008இல் வெளியிட்ட கட்டுரையில் நெறியாளுகையின் அணுகுமுறைகள் ஐந்து என்று வகுத்தார்: வேலையைத் திட்டமிட்டு நடத்துதல், துறையின் பண்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளுதல், திறனாய்வுச் சிந்தனையை வளர்த்தல், மாணவர் தம்மைத் தாமே கண்டறிய விடுவித்தல், உறவை வளர்த்தல். விசுவாசக் குடும்பங்களில் நடக்கும் நெறியாளுகையில் இரண்டாவதும் ஐந்தாவதும் மிக வலுவாக இருக்கின்றன. நாங்கள் மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம், வீட்டுக்கு அழைத்து உணவிடுகிறோம், அவர்களுக்காக ஜெபிக்கிறோம், திருமணத்துக்குப் போகிறோம். அவை எதையும் நான் விட்டுவிடப் போவதில்லை. அந்த உறவின் கனமே மாணவரின் வாயை அடைத்துவிடும் என்பதை அறிந்து, நான்காவதற்கு நாங்களே இடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது. யோவான் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீஷர்களை ஊழியக்காரர் என்று சொல்லாமல் சிநேகிதர் என்கிறார்; பிதாவிடம் கேட்ட எல்லாவற்றையும் அவர்களுக்கு அறிவித்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எல்லாவற்றையும் என்ற சொல்லை நெறியாளர்கள் கவனிக்க வேண்டும். எதற்காக ஒரு பகுதியை எடுக்கச் சொல்கிறேன் என்ற உண்மைக் காரணத்தை மாணவரிடம் மறைத்தால், அவரை நான் ஊழியக்காரியாகத்தான் வைத்திருக்கிறேன்.

மாணவி என் கடிதத்துக்கு மூன்று நாள் பதில் எழுதவில்லை. நான்காம் நாள் நேரில் வந்தார். "மேடம், அடிக்குறிப்புல போட்டுடறேன். ஆனா அந்தப் பாட்டி சொன்னத நீங்க ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று கைப்பேசியில் பதிவை ஓடவிட்டார். மாணவர் ஒருவர் நெறியாளரிடம் இதைவிட மரியாதையாகவும் இதைவிட உறுதியாகவும் பேச முடியுமா என்று தெரியவில்லை.

பதிவில் கோழியின் சத்தமும் தூரத்தில் ரப்பர்த் தோட்டத்தில் யாரோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. விடுதிக் குசினியில் கஞ்சி வைத்த ஒரு விதவையைப் பற்றிப் பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விதவை எழுதப் படிக்கத் தெரியாதவர். கட்டணப் பிள்ளைகளுக்கு முதலில் ஊற்ற வேண்டும் என்பது உத்தரவு. அவர் உத்தரவை மீறவில்லை. ஆனால் பெரிய செம்பில் அடியில் ஒரு சிரட்டை அகப்பை கஞ்சியை எப்போதும் மிச்சம் வைப்பார். வேலை முடிந்து கடைசியாக வரும் பிள்ளை யாரானாலும் அது அவளுக்கு. அந்த விதவை சாப்பிட்டதை ஒரு நாளும் தாம் பார்க்கவில்லை என்று பாட்டி சொன்னார். காய்ச்சல் வந்த ஒரு பிள்ளையின் பக்கத்தில் இராத்திரி முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலையில் அடுப்பு மூட்டப் போனதைச் சொன்னார். மிச்ச அகப்பையைப் பற்றிச் சொல்லும்போது பாட்டியின் குரல் தாழ்ந்தது. மாணவி எதுவும் கேட்காமல் சற்று நேரம் விட்டிருந்தார், அந்த மௌனமும் பதிவாகியிருந்தது. நேர்காணல் எடுப்பதில் அந்த மௌனத்தை விடத் தெரிவதுதான் கடினம். அதை நான் அவருக்குக் கற்பிக்கவில்லை.

அடிக்குறிப்பு வேண்டாம், அது நான்காம் இயலாக வரட்டும் என்றேன். ஏன் முதலில் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். டிரங்குப் பெட்டியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை அடுத்த வாரம் அவரிடம் காட்டினேன். பேசியவர்கள் இல்லாததால், புதிதாக ஒப்புதல் பெறவும் வழி இல்லாததால், அதிலிருந்து ஒரு வரியையும் எடுக்க முடியாது என்று இருவரும் முடிவு செய்தோம்.

அதன் பிறகுதான் படிவங்களின் கட்டு என் மேசைக்கு வந்தது, அந்த மலையாளக் கையெழுத்தும் கண்ணில் பட்டது. படிவத்தை மலையாளத்தில் எழுதினோம். பாறசாலையில் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். நேர்காணல் தந்த எல்லாரிடமும் மாணவி மீண்டும் போவது என்றும், போதகர் சொன்னதற்காக யாரும் பேச வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் பதிவை அழித்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்தோம். இருவர் தங்கள் நேர்காணலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று ஆய்வுக்கு மிகவும் பயன்பட்ட நேர்காணல். மாணவி பதிவை அவர் முன்னாலேயே அழித்துவிட்டு வந்தார். மூன்றாம் இயலில் அதை நம்பி எழுதிய எட்டுப் பக்கங்களை எடுத்துவிட்டு, அந்த இயலை வேறு வகையில் கட்டி வருகிறார்.

பாட்டியின் வீட்டுக்கு நானும் உடன் போனேன். கட்டன் சாயா கொடுத்தார். மலையாளப் படிவத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரியின்மேல் ஓட்டி, உதடு அசைய, முழுவதும் வாசித்தார். கால் மணி நேரம் ஆனது. வேண்டாமென்றால் மறுக்கலாம் என்ற வரியில் விரலை நிறுத்தி, "இது அன்னைக்குச் சொல்லலியே" என்றார். சொல்லாதது எங்கள் பிழை என்று மாணவி ஒப்புக்கொண்டார். சற்று யோசித்துவிட்டு, எழுதினதை வாசித்துக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார் பாட்டி.

மாணவி நான்காம் இயலின் அந்தப் பகுதியை வாசித்தார். குசினியில் இருந்த அந்த விதவை, பிள்ளைகளுக்கு அன்பையும் தியாகத்தையும் கற்பித்தார் என்று ஒரு வாக்கியம் இருந்தது. பாட்டி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அவிய ஒண்ணும் கற்பிக்கல மக்களே. அவியளுக்கு அதுக்கு நேரமும் இல்ல. நாங்க கண்டு படிச்சதாக்கும். அப்படி மாத்தி எழுது."

மாணவி கற்பித்தார் என்பதை அடித்து, பக்கத்து ஓரத்தில் பாட்டியின் சொற்களை அப்படியே எழுதி, தேதியையும் போட்டார். பாட்டி அந்த ஓரத்தை வாங்கிப் பார்த்தார். தமிழில் இருந்ததால் வாசிக்க முடியவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேனாவை வாங்கி, புதிய படிவத்தின் அடியில் தம் பெயரை மலையாளத்தில் எழுதினார்.